அண்ணன் பிள்ளைகளுக்குப் பங்கு கேட்டால் ‘இப்ப நேரம் சரியில்ல’ என்கிறார்கள். என்ன செய்வது?

புதுப்பேட்டைக்காரி:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்களும் ஜமாஅத் (பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர் அமைப்பு) நிர்வாகத்தில் இருப்பவர்களும் பதில் சொன்னால் உதவியாக இருக்கும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பூர்வீகம் உத்தமபாளையம் பக்கம். அத்தா (அப்பா) இளவயதில் சென்னைக்கு வந்து புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடை போட்டார். அதே பகுதியில் கீழும் மேலுமாக ஒரு சின்ன வீடும் கட்டினார். கடையை மூத்த அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் அண்ணன் மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார். மதினியும் இரண்டு பெண் பிள்ளைகளும் மேல்மாடியில் இருக்கிறார்கள். பெரியவள் பிளஸ் டூ, சின்னவள் எட்டாவது. அத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை இருக்கிறது, ஒரு கண் மங்கல். அம்மா இருக்கிறார். நானும் சின்ன அண்ணனும் இருக்கிறோம்.

நான் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாளை அத்தாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வீடு 24 பங்கு. அம்மாவுக்கு 3, சின்ன அண்ணனுக்கு 14, எனக்கு 7. மூத்த அண்ணன் பிள்ளைகளுக்குப் பூஜ்யம். மகன் ஒருவர் உயிரோடு இருப்பதால், முன்னாடியே இறந்துபோன மகனின் பிள்ளைகள் வாரிசு வரிசையில் வரமாட்டார்கள். மதினிக்கும் மாமனார் சொத்தில் எதுவும் கிடையாது.

என்னைத் தூங்கவிடாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. அண்ணன் இறந்தபோது அவர் பெயரில் இருந்த பணத்திலும் கடைச் சரக்கிலும் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் பங்கு உண்டு. மனைவி, இரண்டு மகள்கள், தாய், தகப்பன் என்று நின்றால் 24-க்குள் அடங்காமல் கணக்கு 27 ஆகிவிடும். மதினிக்கு எட்டில் ஒன்று என்றிருந்தது ஒன்பதில் ஒன்றாகக் குறையும். ஆக மகன் சம்பாத்தியம் மேலே தகப்பனுக்குப் போகும், தகப்பன் சம்பாத்தியம் கீழே அந்த மகன் பிள்ளைகளுக்கு வராது. (அத்தா அந்தப் பணத்தைத் தொடவில்லை. பிள்ளைகளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். அது அவர் குணம். எல்லா வீட்டிலும் இந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியுமா?)

பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். பொறுமையாகப் பேசினார். “பங்கு இல்லைங்கிறது சரிதாம்மா, ஆனா அதுக்குத்தான் வஸிய்யத், அதாவது உயில், இருக்கு. மூணுல ஒரு பாகம் வரைக்கும் வாரிசு இல்லாதவங்களுக்கு எழுதலாம். குர்ஆன்ல அல்பகரா 180-ஐ அத்தாகிட்ட ஓதிக் காட்டு” என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

அடுத்து ஜமாஅத் ஆபீஸுக்குப் போனேன். சட்டத்தை மாற்றச் சொல்லிப் போகவில்லை. ஒருவர் மவுத்தாகி, அவருடைய தகப்பனும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தால், இறப்பைப் பதிவேட்டில் எழுதும்போதே அந்தத் தகப்பனை உட்காரவைத்து வஸிய்யத் பற்றி எடுத்துச் சொல்லுங்கள், ஒரு ஜும்ஆவில் (வெள்ளிக்கிழமைத் தொழுகையில்) இதைப் பற்றிப் பயான் (சொற்பொழிவு) செய்யுங்கள் என்றேன். அவ்வளவுதான்.

செயலாளர் கெட்டவர் இல்லை. அண்ணன் ஜனாஸாவுக்கு ராத்திரி முழுக்கக் கூட நின்றவர். அவர் சொன்னது: “நீ சொல்றது நியாயம்தாம்மா. ஆனா இப்ப நேரம் சரியில்ல. வக்ஃபு (மார்க்கப் பணிக்கு எழுதி வச்ச சொத்து) கேஸ் ஓடிக்கிட்டிருக்கு. பொது சிவில் சட்டம் வருதுங்கிறான். இந்த நேரத்துல நாமளே இதைப் பேசினா, ‘பாரு, அவங்க வீட்டுப் பொம்பளையே சொல்லுது’ன்னு டிவியில ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டுருவான்.”

அந்தப் பயம் எனக்குப் புரியாதது அல்ல. 2020 பிப்ரவரியில் பழைய வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் உட்கார்ந்தபோது மதினியோடு நானும் போய் உட்கார்ந்தவள். 2019-ல் முத்தலாக் சட்டம் வந்த வாரம், ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் “இனிமே உங்களுக்கு நிம்மதிதானே?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அன்று காலையில்தான் எனக்குத் தோசை சுட்டுக் கொடுத்து வண்டியில் கொண்டுவந்து விட்டிருந்தார். நான் என்ன பதில் சொல்ல? எங்களுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் யார், ஏன் விடுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும்.

ஆனால் நேரம் எப்போதுதான் சரியாகும்? எங்கள் மேல் அழுத்தம் குறையும் வரை காத்திருக்க வேண்டும் என்றால் மதினி பிள்ளைகளுக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தியே வந்துவிடுவார்கள்.

என் கேள்விகள் இரண்டு. அத்தா இருக்கும்போதே என்ன பத்திரம் எழுதினால் நிற்கும்? ஜமாஅத்தில் இதை எப்படிப் பேசுவது? பொதுக்குழுவில் பெண்களே கிடையாது என்பதையும் நினைவில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

பாரிமுனை வக்கீல்:

வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. முதல் கேள்விக்கு மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இரண்டாவதற்கு எனக்கே பதில் தெரிந்திருந்தால் எங்கள் ஜமாஅத்திலேயே பேசியிருப்பேன்.

ஹஜ்ரத் சொன்னது சரி. உன் சின்ன அண்ணன் இருப்பதால் பேத்திகள் வாரிசு இல்லை. வாரிசு இல்லாததால்தான் அவர்களுக்கு வஸிய்யத் செல்லும். மூன்றில் ஒரு பாகத்துக்குள் இருந்தால் யார் சம்மதமும் தேவையில்லை. அதைத் தாண்டினால், அத்தா காலத்துக்குப் பிறகு மற்ற வாரிசுகள் ஒப்புக்கொள்ள வேண்டும். வாய்மொழி வஸிய்யத்தும் நம் சட்டத்தில் செல்லும், ஆனால் அதை நம்பாதே. எழுதிப் பதிவு செய்துவிடு.

இதைவிட உறுதியானது ஹிபா. உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவது. இதற்கு மூன்றில் ஒரு பாகம் என்ற வரம்பு கிடையாது. கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், சொத்து கைமாற வேண்டும். இந்த மூன்றாவதில்தான் பல ஹிபா கோர்ட்டில் விழும். தாத்தா கீழ்வீட்டில் இருந்துகொண்டே கொடுத்தால் கைமாறியதா என்று கேட்பார்கள். உங்கள் விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. தகப்பன் இல்லாத மைனர் பிள்ளைகளின் சொத்துக்கு நம் சட்டப்படி தாத்தாதான் காப்பாளர். தன் பொறுப்பில் இருக்கும் மைனருக்கு அவரே கொடுக்கும்போது, தனியாகச் சாவியைக் கொடுத்துக் காட்ட வேண்டியதில்லை. அவர் மனதாரக் கொடுத்தார் என்று தெரிந்தால் போதும். பெரியவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் இந்த வசதி அவளுக்கு இல்லை. அவளே ஏற்றுக் கையெழுத்துப் போட்டு, அனுபவத்துக்கு வந்ததையும் காட்ட வேண்டும்.

பெற்ற தாய் அந்தப் பிள்ளைகளின் சொத்துக்குத் தானாகக் காப்பாளர் ஆகமாட்டாள் என்பதையும் இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கோர்ட் நியமித்தால்தான் உண்டு. அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம்.

அத்தா நடமாடிக்கொண்டிருக்கும்போதே செய். மரணப் படுக்கையில் கொடுக்கும் ஹிபாவை வஸிய்யத் மாதிரித்தான் பார்ப்பார்கள், மறுபடியும் மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். பதிவு அன்று ஒரு டாக்டர் சான்றிதழ் கையில் இருக்கட்டும். கண் மங்கல் என்றாயே, பத்திரத்தை யார் வாசித்துக் காட்டினார் என்றும் பத்திரத்திலேயே எழுதச் சொல். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை குறைவு, பேரப்பிள்ளைகளும் அந்தக் குடும்ப வரையறைக்குள் வருகிறார்கள்.

ஜமாஅத் லெட்டர்பேடில் எழுதி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போ. 2017 ஜனவரியில் காஜி கொடுக்கும் தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயம்தான் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 1880-ம் வருஷத்துக் காஜிகள் சட்டத்திலேயே அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. 2023-ல் குலா (மனைவி கேட்கும் விவாகரத்து) வழக்கிலும் அதேதான், ஷரீஅத் கவுன்சில் காகிதத்தால் திருமணம் முறியாது, குடும்ப நீதிமன்றம் போ என்றார்கள். ஜமாஅத் காகிதம் நல்ல சாட்சி. அதற்கு மேல் எதுவும் இல்லை.

மாம்பலம் மணி:

தப்பாக நினைக்காதீர்கள் சகோதரி, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். எங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் (1956) இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள். உத்தராகண்டில் 2025 ஜனவரியிலிருந்து பொது சிவில் சட்டம் அமலில் இருக்கிறது. அதுபோல எல்லா மாநிலத்திலும் வந்துவிட்டால் உங்கள் மதினிக்கு இந்தப் பிரச்சினையே இருக்காதே? அதை ஏன் எதிர்க்கிறீர்கள்?

புதுப்பேட்டைக்காரி:

கேட்டதில் தப்பில்லை சார். இறந்த மகன் பிள்ளைகள் விஷயத்தில் உங்கள் சட்டம் எங்களுடையதைவிட மேல். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு குறைவும் இல்லை.

ஆனால் கொண்டுவருகிறவர்களின் கையையும் பார்த்துத்தானே வாங்க வேண்டும்? முத்தலாக் செல்லாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செல்லாத ஒன்றைச் சொன்னால் கல்யாணம் முறிவதே இல்லை. அதற்குப் பிறகு 2019-ல் அதைச் சொன்ன புருஷனுக்கு மூன்று வருஷம் வரை ஜெயில் என்று சட்டம் போட்டார்கள். ஜெயிலில் இருக்கிறவன் எப்படி ஜீவனாம்சம் கொடுப்பான்? பெண்டாட்டியைச் சும்மா விட்டுவிட்டு ஓடுகிற மற்ற மதத்துப் புருஷனுக்கு அந்த ஜெயில் உண்டா? உத்தராகண்ட் சட்டத்திலும் பழங்குடியினருக்கு விலக்கு இருக்கிறது. விலக்குக் கொடுத்தது சரியாகவே இருக்கலாம், ஆனால் எல்லாருக்கும் ஒன்று என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

அதோடு எனக்கு அவசரம் சார். பாராளுமன்றம் எப்போது கூடும் என்று அத்தாவின் சர்க்கரை காத்திருக்காது.

பாரிமுனை வக்கீல்:

மணி சார், ஒரு வரி சேர்க்கிறேன். இந்துப் பெண்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது, நாடு முழுக்க 2005-ல். ஆனால் எந்தப் பதிவாளர் அலுவலகத்திலும் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள், தங்கள் பங்கை விட்டு அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வந்து நிற்கும் தங்கைகளை எல்லா மதத்திலும் பார்க்கலாம். நான் சொல்வது சட்டம் வேண்டாம் என்பதற்காக அல்ல. சட்டம் வந்த பிறகும் வீட்டுக்குள் யாராவது பேசித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

வண்ணை பாய்:

தங்கச்சி, நான் ஒரு பள்ளிவாசல் கமிட்டியில இருக்கேன், வடசென்னை. உங்க செயலாளர் பேசின மாதிரி நானும் பேசியிருக்கேன். அதனால அந்தப் பக்கத்தையும் கேட்டுக்கங்க.

2025 ஏப்ரல்ல வக்ஃபு திருத்தச் சட்டம் வந்துச்சு. ஜூன்ல உமீத்னு ஒரு அரசு இணையதளம் திறந்து, எல்லா வக்ஃபு சொத்தையும் ஆறு மாசத்துல ஏத்துன்னாங்க. எங்க பள்ளிவாசல் பழசு. பத்திரம் பாதி உருது, பாதி கரையான் தின்னது. எங்க கமிட்டியில கம்ப்யூட்டர் தெரிஞ்சவர் ஒருத்தர்தான், அவரும் பகல்ல வேலைக்குப் போறவர். ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் உட்கார்ந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஸ்கேன் பண்ணினோம். தளம் நின்னு நின்னு போகும். இதுக்கு நடுவுல ஒரு நல்ல யோசனையோட யார் வந்தாலும் ‘அப்புறம் பார்க்கலாம்’னுதான் வாயில வரும். அது பெண்கள் மேல கோபம் இல்ல, களைப்பு.

செப்டம்பர் 15-ல உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வச்சுது. அஞ்சு வருஷம் இஸ்லாத்தைக் கடைப்பிடிச்சிருந்தாத்தான் வக்ஃபு பண்ணலாம்ங்கிறது நின்னுச்சு, கலெக்டருக்குக் கொடுத்த அதிகாரமும் நின்னுச்சு. ஆனா முழுச் சட்டத்துக்கும் தடை இல்ல. மாநில வாரியத்துல பதினொரு பேர்ல மூணு பேர் வரைக்கும் முஸ்லிம் அல்லாதவங்க இருக்கலாம். அறநிலையத் துறை ஆணையர் இந்துவா இருக்கணும்னு சட்டமே சொல்லுது, அதை யாரும் தப்புன்னு சொல்லல, நாங்களும் சொல்லல. அப்ப எங்களுக்கு மட்டும் ஏன்?

அதே நேரம் வக்ஃபுல ஊழல் இல்லன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பள்ளிவாசல் கடையை அந்தக் காலத்து வாடகைக்கு வச்சுக்கிட்டு உள்வாடகைக்கு விட்டவங்க நம்ம ஆளுங்கதான். திருச்சி திருச்செந்துறையில நிலம் விக்கப் போன மனுஷனை, வக்ஃபு வாரியத்துல தடையில்லாச் சான்று வாங்கிட்டு வான்னு 2022-ல திருப்பி அனுப்புனாங்க. அந்த ஒரு ஊரை வச்சே டெல்லி வரைக்கும் பேசுனாங்க. நாமளா நேரத்துல சரி பண்ணியிருந்தா அந்தப் பேச்சுக்கு இடம் வந்திருக்காது. நம்மளை வச்சு ஓட்டுக் கணக்குப் போடுறது எல்லாக் கட்சியும்தான். 2019 தலாக் மசோதாவுக்கு அதிமுக மக்களவையில ஆதரவு, அஞ்சு நாள் கழிச்சு மாநிலங்களவையில வெளிநடப்பு. எது அவங்க கொள்கைன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

உங்களுக்கு என் யோசனை: மனுவை நீங்க கொடுக்காதீங்க. ஹஜ்ரத் உங்க பக்கம் இருக்கார்ல, அவர் வாயால வரட்டும். குர்ஆன்ல அந்நிஸா 8-வது ஆயத்தையும் (வசனம்) சேர்த்துக்கச் சொல்லுங்க. பங்கு பிரிக்கிற இடத்துல உறவுக்காரங்களும் எத்தீம்களும் (அநாதைப் பிள்ளைங்க) வந்து நின்னா அவங்களுக்கும் கொடுங்கன்னு அதுல இருக்கு. அதை மறுத்துப் பேச எந்த முத்தவல்லிக்கும் (பள்ளிவாசல் நிர்வாகி) நாக்கு வராது.

ராயப்பேட்டை டீச்சர்:

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வண்ணை பாய் சொன்னதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம். அந்த ஒன்று, மனுவை நீங்கள் கொடுக்காதீர்கள் என்பது.

ஷா பானு தீர்ப்பு 1985 ஏப்ரலில் வந்தது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இந்தூரில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, தலாக் சொன்ன கணவரிடம் ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டு ஏறினார்; கிடைத்தது மாதம் 179 ரூபாய் 20 காசு. நாடே இரண்டாகப் பிளந்தது. எங்கள் வீதியில் கூட்டம் போட்டு மார்க்கத்துக்கு ஆபத்து என்றார்கள். கடைசியில் அந்த அம்மாவே எனக்கு இந்தத் தீர்ப்பு வேண்டாம் என்று சொல்லும்படி ஆயிற்று. 1986-ல் ராஜீவ் காந்தி அரசு முஸ்லிம் பெண்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. அதே 1986 பிப்ரவரியில் அயோத்தியில் பாபர் மசூதிப் பூட்டைத் திறந்தார்கள். எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று என்று கணக்குத் தீர்த்தார்கள். அந்தத் தனிச் சட்டத்தில் ஜீவனாம்சத்தை இத்தா (விவாகரத்துக்குப் பின் மனைவி காத்திருக்கும்) காலத்தோடு முடித்துவிட்டதாக எல்லாரும் நினைத்தோம். 2001-ல் டேனியல் லத்தீஃபி வழக்கில்தான், இத்தாவுக்குள்ளேயே அவள் எதிர்காலத்துக்கும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பொருள் சொன்னது. பதினைந்து வருஷம் போய்விட்டது.

1986-லும் எங்களிடம் நேரம் சரியில்லை என்றுதான் சொன்னார்கள். 1992-க்குப் பிறகு யார் வாய் திறக்க முடியும்? 2002, குஜராத். 2019. இன்று வக்ஃபு. நேரம் சரியாக இருந்த ஒரு வருஷத்தை யாராவது எனக்குக் காட்டட்டும்.

நம்மவர்களிடம் எதையும் மாற்றவே முடியாது என்று வெளியில் சொல்கிறார்களே, அதுவும் பொய். 1937 ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது, பல மாகாணங்களில் நிலத்தில் பெண்ணுக்குப் பங்கே கிடைக்கவில்லை. சென்னை மாகாணம் 1949-லேயே திருத்தம் போட்டு விவசாய நிலத்தையும் உள்ளே கொண்டுவந்தது. இறந்த மகனின் பிள்ளைகளுக்காக எகிப்தில் 1946-லேயே கட்டாய வஸிய்யத் சட்டம் வந்துவிட்டது. தாத்தா எழுத மறந்தாலும் எழுதியதாக எடுத்துக்கொள்வார்கள். பாகிஸ்தானில் 1961-ல் அவர்களுக்கு நேரடியாகப் பங்கே கொடுத்தார்கள். அங்கெல்லாம் மார்க்கம் கரைந்து போய்விடவில்லை. பக்கத்திலேயே, புதுக்கோட்டையில் ஷரீபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் நடத்திக் காட்டினார். அவரை எத்தனை பேர் ஏசினார்கள் என்பது எனக்குத் தெரியும். அதே வீடுகளிலிருந்து பெண்கள் வழக்கோடு அவரிடம் போனதும் தெரியும்.

ஹஜ்ரத் பேசட்டும், நல்லது. ஆனால் மனுவில் உங்கள் பெயரும் மதினி பெயரும் இருக்கட்டும். பெயர் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேறு ஒரு பெண் போய் நிற்கும்போது ‘இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே’ என்பார்கள்.

வண்ணை பாய்:

டீச்சரம்மா சொன்னா மறுபேச்சு இல்ல. ரெண்டு பேர் பேரும் போடுங்க. கூடவே இன்னும் நாலு வீட்டுக் கையெழுத்து வாங்குங்க, அதுல ரெண்டு ஆம்பளை இருந்தா நல்லது. டிவிக்காரன் வந்து கேட்டா ஜமாஅத்ல பேசிக்கிட்டிருக்கோம்னு சொல்லிட்டு உள்ள போயிருங்க.

புதுப்பேட்டைக்காரி:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். டீச்சரம்மா, நீங்கள் எழுதியதை மதினிக்கு வாசித்துக் காட்டினேன்.

இதுவரை நடந்தது இது. நேற்று ராத்திரி அத்தாவிடம் ஹஜ்ரத் சொன்ன ஆயத்தை ஓதி, வக்கீல் அக்கா எழுதியதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு “மேல்மாடி அவன் கடைக் காசுல கட்டினதுதானே, அதுல எனக்கென்ன” என்றார். சின்ன அண்ணன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். மொட்டைமாடி யாருக்கு, தண்ணீர் மோட்டார் யாருக்கு என்று கேட்கிறார். அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். என் 7 பங்கிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன் என்றதற்கு அவர் இன்னும் கோபப்பட்டார், “என்னை என்ன மனுஷன்னு நினைச்சே” என்று. நல்ல அறிகுறி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

மனு எழுதியாயிற்று. மதினி கையெழுத்துப் போட்டுவிட்டார். பக்கத்துச் சந்தில் இதே நிலைமையில் இருக்கும் ஒரு அம்மாவும் போட்டார். ஆம்பளைக் கையெழுத்துக்கு என் வீட்டுக்காரர் ஒன்று, இன்னொன்று தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹஜ்ரத்தோடு ஆபீஸுக்குப் போகிறோம்.

வக்கீல் அக்கா, ஒரு சந்தேகம். மேல்மாடிக்குத் தனி கரண்ட் மீட்டர் இல்லை, மாடிப்படியும் பொது. ஹிபா எழுத மேல்மாடியைப் பிரித்துக் காட்டும் வரைபடம் மட்டும் போதுமா, இல்லை மீட்டரையும் முதலில் பிரித்துவிட வேண்டுமா? பத்திரம் எழுதுபவரிடம் போவதற்கு முன்னால் தெரிந்தால் நல்லது.